கழுவத் தெரிந்தால் போதும்

2022இல் ரஷ்யாவிலிருந்து ஆட்கள் வந்து குவிந்ததும் ஜார்ஜியாவின் தலைநகர் திபிலீசியில் வீட்டு வாடகை கைக்கெட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. கணவருக்கு வாரத்தில் சில நாள்தான் நகரத்தில் வேலை. எனக்கு இணையம் இருந்தால் போதும். அதனால் கொம்போரி மலைப்பாதையைத் தாண்டி, காகேத்தி மாகாணத்தில் தெலாவிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மாடி வீடு பிடித்தோம். கீழே வீட்டுக்காரர்கள்: ஒரு பாட்டி, மகன், மருமகள். வீட்டைச் சுற்றி அவர்களுடைய திராட்சைத் தோட்டம்.

நான் மது தொடாதவள். காகேத்தியில் அப்படி ஒருத்தி குடிவந்தால் சிக்கல்தான். கல்யாணத்துக்கும் வைன், சாவுக்கும் வைன், கோயிலிலும் வைன். விருந்தில் தமாதா என்று ஒருவர் தலைமை ஏற்பார். நாட்டுக்காக, இறந்தவர்களுக்காக, பிள்ளைகளுக்காக என்று ஒவ்வொன்றாகப் பேசிக் கோப்பையை உயர்த்துவார். நான் மட்டும் தண்ணீரோடு உட்கார்ந்திருப்பேன். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் சங்கடமாக இருக்கும். கொஞ்ச நாளில் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு மாடியிலேயே இருக்கத் தொடங்கினேன்.

செப்டம்பரில் அறுவடை வந்தது. ருத்வேலி என்பார்கள். ஆள் போதவில்லை, கையில் ஒரு கத்தரியையும் வாளியையும் கொடுத்துவிட்டார்கள். வெள்ளைத் திராட்சை ர்கட்சிதேலி, கறுப்பு சாபெராவி. சாபெராவிக்குத் தோல் மட்டுமல்ல, சதையும் சிவப்பு. நகக்கண்ணில் ஏறிய சாயம் போகவே நாளாகும். அன்றைக்குப் பிழிந்த, இன்னும் புளிக்காத சாற்றை ஒரு குவளையில் ஊற்றி, “இதைக் குடிக்கலாம்தானே?” என்று பாட்டி நீட்டினார். அப்படியொரு இனிப்பு.

பிறகு மரானிக்குள் கூட்டிப்போனார்கள். வைன் செய்யும் அறை அது. தரையில் வட்டவட்டமாக வாய்கள் மட்டும் தெரிந்தன. க்வெவ்ரி எனப்படும் மண்பானைகள், கழுத்துவரை மண்ணுக்குள் புதைந்து கிடக்கின்றன. நம் முதுமக்கள் தாழியைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். அடி கூம்பி, முட்டை வடிவில், அதைவிடப் பெரிதாக. ஆயிரம் லிட்டருக்கு மேல் கொள்பவையும் உண்டு. உள்ளே தேன்மெழுகு பூசியிருக்கும். இந்த முறையை யுனெஸ்கோ 2013இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. திபிலீசிக்குத் தெற்கே அகழ்ந்தெடுத்த பானை ஓடுகளில் சுமார் 8000 ஆண்டுக்கு முந்தைய வைனின் தடயம் கிடைத்திருக்கிறது.

காகேத்திப் பழக்கத்தில் வெள்ளைத் திராட்சையையும் தோல், விதை, காம்போடு சேர்த்தே பானையில் போடுகிறார்கள். ஈஸ்ட் தனியாகச் சேர்ப்பதில்லை; பழத்தோலில் ஒட்டிவருவதே போதும். இரண்டொரு நாளில் கொதிப்பதுபோல் நுரைக்கும். தோலெல்லாம் மேலே வந்து கெட்டியாக அடைத்துக்கொள்ளும். அதை நீண்ட கோலால் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை அழுத்திக் கீழே தள்ளவேண்டும். விட்டால் மேற்புறம் காய்ந்து புளிக்காடியாகிவிடும். பகலெல்லாம் வீட்டில் இருப்பவள் நான்தான் என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது. ஒரே ஒரு எச்சரிக்கை: குனிந்து மூச்சிழுக்காதே. நுரைக்கும்போது வரும் கரியமிலவாயு அறையின் தாழ்வில் தேங்கும்; ஆளையே கொல்லும். மெழுகுவர்த்தியைக் கொளுத்திப் பார்த்து, அது அணைந்தால் வெளியே வந்துவிடவேண்டும்.

நுரை அடங்கியதும் மூடி போட்டுக் களிமண்ணால் அடைத்துவிடுகிறார்கள். மழை, பனி எல்லாம் போய் வசந்தத்தில் திறந்தால் வைன் தேன்நிறத்தில் தெளிந்திருக்கிறது. விதைகள் கூம்பின் அடியில் இறங்கியிருக்கும். கசடு அதன்மேல் படிந்து மூடிவிடுவதால் விதையின் கசப்பு வைனில் அதிகம் ஏறாது. பானையின் வடிவத்துக்குக் காரணம் இதுதான் என்றார் மகன்.

சுற்றுலா வருகிறவர்களிடம் ‘இயற்கை தானே செய்துகொள்ளும் வைன்’ என்று வழிகாட்டிகள் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். பானையைக் கழுவிப் பார்த்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். வைனை எடுத்தபின் பெரிய பானைக்குள் ஆளே இறங்குகிறார். செர்ரி மரப்பட்டையை அடுக்கிக் கட்டிய தேய்ப்பான், க்ரசானா என்ற மூலிகைச் செடியின் கட்டு, சுண்ணாம்புத் தண்ணீர், பிறகு வெறும் தண்ணீர், மறுபடி தண்ணீர். கடைசியாக அலசிய தண்ணீரைப் பாட்டி வாயில் வைத்துப் பார்ப்பார். முகம் சுளித்தால் இன்னொரு சுற்று. வைன் ருசி தெரியாத எனக்கு இந்தத் தண்ணீரின் ருசி பிடிபட்டுவிட்டது. இப்போது சின்னப் பானைகளுக்கு நானே நடுவர்.

தோட்டத்து வேலையும் அப்படித்தான். மருந்தே அடிக்காமல் விட்டுவிடுவதல்ல இயற்கை விவசாயம். மழைக்குப்பின் இலையில் வரும் பூஞ்சைக்குச் செம்பும் கந்தகமும் தெளித்தே ஆகவேண்டும். அந்தச் செம்பு மண்ணில் தங்கிவிடும் என்பதால் அளவைக் குறைக்க வழிபார்த்து மகன் மல்லாடுகிறார். ஆலங்கட்டி மழை வேறு. இந்த மாகாணத்தில் அதைத் தடுக்க மேகத்துக்குள் ராக்கெட் விடுகிறார்கள். முதன்முதலில் அந்தச் சத்தம் கேட்டபோது போர் வந்துவிட்டதென்றே நினைத்தேன்.

2006இல் ரஷ்யா ஜார்ஜிய வைனைத் தடைசெய்தது, 2013இல்தான் விலக்கியது. இடையில் வாங்க ஆளின்றிப் பட்டதை மகன் மறக்கவில்லை. அதனால்தான் ஐரோப்பாவுக்கு அனுப்ப இயற்கை வேளாண்மைச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்திருக்கிறார். இயற்கை முறைக்கு மாற மூன்று வருஷக் காலம், தெளித்ததற்கெல்லாம் தேதியோடு பதிவேடு. “என் மாமனாருக்கு யார் சான்றிதழ் கொடுத்தார்கள்?” என்கிறார் பாட்டி. ஆங்கிலப் படிவங்களை நிரப்புவது என் பொறுப்பு. ‘சுத்திகரிப்புப் பொருட்கள்: தயாரிப்பு நிறுவனம், வணிகப்பெயர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. செர்ரி மரப்பட்டை என்று எழுதி, நிறுவனம் என்ற இடத்தில் ‘கொல்லைப்புற மரம்’ என்று போட்டிருக்கிறேன். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது; மரத்தைப் படமெடுத்து அனுப்பலாமா என்று மகனோடு பேசிக்கொண்டிருக்கிறோம்.