தூக்குவாளி

மார்ச் 30, ஞாயிறு
அம்மாவை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னலோரக் கட்டில். கோயிலுக்குப் போகவில்லை.

ஏப்ரல் 1
சபையிலிருந்து ஒரு கூட்டமே வந்தது. கட்டிலைச் சுற்றி நின்று மாறி மாறி ஜெபித்தார்கள். கடைசியாக ஜெபித்தவர் தேசத் தலைவர்கள், மழை, கமிட்டியின் சமாதானம் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, ஆமெனுக்குக் கொஞ்சம் முன்னால்தான் அம்மாவிடம் வந்தார். அலமாரியில் ஹார்லிக்ஸ் வைக்க இடமில்லை. “என்ன தேவைன்னாலும் கூச்சப்படாம சொல்லுங்க” என்றார்கள் எல்லோரும். ராத்திரி துணைக்கு ஓர் ஆள் தேவை. சொல்லவில்லை.

ஏப்ரல் 2
கண்ணாடிக்கடை அக்கா வந்தார். அவரேதான். தூக்குவாளியில் பூண்டுக் கஞ்சி. “நீ போய் முகம் கழுவிட்டு ஒரு மணி நேரம் படு, நான் இருக்கேன்.” ஜெபிக்கவில்லை.

ஏப்ரல் 3
மறுபடியும் கஞ்சி.

ஏப்ரல் 4
எதற்கு வருகிறார்? சபைக் கமிட்டித் தேர்தலில் அவர் ஒரு கட்சி, நாங்கள் ஒரு கட்சி. அதற்குப் பிறகு கோயில் வாசலில் எதிரே பார்த்தால்கூட ஸ்தோத்திரம் கிடையாது. அடுத்த ஓட்டுக்கா? அம்மாவுக்கும் எனக்கும் சேர்த்தால் ரெண்டு ஓட்டு. ரெண்டு ஓட்டுக்கு இவ்வளவு பூண்டு யாராவது உரிப்பார்களா?

தூக்கம் வராமல் 2 பேதுரு முதல் அதிகாரத்தை எடுத்தேன். ஞாயிறு பள்ளியில் நான்தான் அதைப் படிக்கட்டாக வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறேன். விசுவாசம் அடிப்படி. தைரியம், ஞானம், இச்சையடக்கம், பொறுமை, தேவபக்தி. அதற்கு மேலே சகோதர சிநேகம், உச்சியில் அன்பு. தேவபக்தி வரைக்கும் ஏறியவர்கள் எங்கள் சபையில் நிறைய. அதற்கு மேல் நெரிசலே கிடையாது.

ஏப்ரல் 6, ஞாயிறு
என் வீட்டுக்காரரை அம்மாவோடு விட்டுவிட்டுத் திருவிருந்துக்குப் போனேன். 1950-ல் தென்னிந்தியத் திருச்சபை புது ஆராதனை முறை கொண்டுவந்தபோது, சிரியன் சபைகளிடமிருந்து எடுத்துக்கொண்ட வழக்கம் இந்தச் சமாதானம் கொடுப்பது. போதகர் ஐயர் கையிலிருந்து கை மாறி, வரிசை வரிசையாகப் பின்னால் வர வேண்டும். எங்கள் கோயிலில் பெண்கள் பக்கம் அது தூணோடு நின்றுவிடும். தூணுக்கு முன்னால் அவர்கள், பின்னால் நாங்கள்.

இன்று அக்கா எழுந்து தூணைத் தாண்டி வந்தார். உள்ளங்கையில் உள்ளங்கையை வைத்து, இடது கையால் மேலே மூடினார். கட்டைவிரல் ஓரம் சுட்ட கொப்புளம். ஊரே பார்த்தது.

ஏப்ரல் 9
தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்க முடியாது. என்ன போட்டுக் கொடுக்க?

ஏப்ரல் 10
அம்மாவுக்கு வாய் வந்துவிட்டது. ஓட்டு விஷயத்தைச் சொன்னதும் முதலூர் உண்டான கதையை ஆரம்பித்தாள். 1799, உபதேசியார் தாவீது சுந்தரானந்தம், அடித்து விரட்டப்பட்ட விசுவாசிகளுக்காக வாங்கிய நிலம். நூறு தடவை கேட்டது. “ஏட்டி, அன்னைக்கு வந்தவன் யாரும் ‘எதுக்கு எங்களுக்கு இடம் தார’ன்னு கேக்கலட்டி. ஓடிவந்து படுத்தான்.”

அப்புறம் மஸ்கோத் அல்வா கேட்டாள். சுகர் இருக்கும் இருப்பில்! ஆனால் யோசனை நல்லது. தூக்குவாளிக்கு அதுதான்.

ஏப்ரல் 12
அல்வா வந்துவிட்டது. அக்கா வரவில்லை.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு
வரவில்லை. அவ்வளவுதானாக்கும்.

ஏப்ரல் 14
வீட்டுக்கு வந்துவிட்டோம்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்
ஐயர் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவினார். எல்லோரும் வீட்டிலேயே தேய்த்துக் கழுவிவிட்டு வந்த கால்கள்.

வெளியே வரும்போதுதான் தெரிந்தது: அக்காவுக்கு டைபாய்டு. ஒரு வாரமாகப் படுக்கை. எங்கள் ஆட்கள் போகவில்லை, அது தெரிந்ததுதான். அவர்கள் ஆட்களும் எட்டிப் பார்க்கவில்லையாம். ‘அந்தக் கட்சிக்காரிக்குக் கஞ்சி சுமந்தவதானே’ என்று பேச்சு. எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. ஆத்திரமாக வருகிறது, யார்மேல் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி
மும்மணி ஆராதனைக்கு இவரும் பிள்ளைகளும் போயிருக்கிறார்கள். காய்ச்சல்காரிக்கு அல்வா ஆகாது. அரிசியை வறுத்து உடைத்தாயிற்று. பூண்டு எத்தனை பல் போட என்று அம்மாவிடம் கேட்டால், “சாப்பிட்டவ நான், காய்ச்சினவ அவ. அவகிட்ட போய்க் கேளு” என்கிறாள்.