துலக்கிய காசும் திருத்திய காசும்

ரோமானிய நாணயங்களைச் சேர்ப்பவர்களிடையே "கை படாத காசு" என்பதற்கு இருக்கும் மதிப்பு சற்று மிகையானது என்றே எனக்குத் தோன்றுகிறது. மண்ணிலிருந்து வரும் செம்பு, வெண்கல நாணயங்களில் ஏறக்குறைய எல்லாமே யாரோ ஒருவர் துலக்கிய பிறகுதான் நம் கைக்கு வந்து சேர்கின்றன. பல நூற்றாண்டுகள் புதைந்து கிடந்த காசை எடுத்தபடியே பார்த்தால், தெரிவது பேரரசரின் தலையா, பின்பக்கத்துத் தேவதையா என்பதுகூடப் பல நேரம் பிடிபடாது. ஆகவே ஒரு காசைத் துலக்கியவர் எதை எடுத்தார், எங்கே நிறுத்தினார், மண்ணோடு நிற்காமல் உலோகத்திலும் கை வைத்தாரா, விற்றவர் அதை வெளிப்படையாகச் சொன்னாரா என்பவற்றைத்தான் நான் முதலில் பார்க்கிறேன்.

அடித்த பிறகு உருவமோ எழுத்தோ திருத்தப்பட்ட காசுகளைத் தெரிந்தே வாங்குவது என் வழக்கம். அவற்றை மற்றவற்றோடு கலக்காமல், என்ன செய்யப்பட்டிருக்கிறது என்ற குறிப்புச் சீட்டோடு தனித் தட்டில் வைத்திருக்கிறேன். நல்ல காசை மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கெட்டுப்போன காசு எளிதில் அகப்படுவதில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லென்ஸ் வழியே பார்க்கும்போதுதான் வேறுபாடு மனத்தில் பதிகிறது.

செம்புக் கலவை நாணயத்தின் மேல் முதலில் சிவந்த கியூப்ரைட் என்ற கனிம அடுக்கும், அதன்மேல் பெரும்பாலும் பச்சை நிற மாலகைட்டும் உருவாகின்றன. இந்த அடுக்குகள் உலோகத்தைத் தின்றே வளர்கின்றன என்பதால், அச்சு பதிந்தபோது இருந்த முடியிழைகளும் எழுத்தின் விளிம்புகளும் இன்று பல காசுகளில் உலோகத்தில் இருப்பதில்லை, பாட்டினா எனப்படும் அந்த மேலடுக்கில்தான் இருக்கின்றன. அமிலத்தில் ஊறவைத்தோ மின்னாற்பகுப்பு முறையிலோ அதை உரித்தெடுப்பவர், அழுக்கை நீக்குவதாக எண்ணிக்கொண்டு உருவத்தையே நீக்கிவிடுகிறார். எஞ்சுவது குழிகள் விழுந்த, இளஞ்சிவப்பான, உயிரற்ற ஒரு வில்லை. பேரரசர் டயோக்ளீஷியன் கி.பி. 294 வாக்கில் அறிமுகப்படுத்திய பெரிய வெண்கலக் காசுகளுக்கு இதைவிட மோசமான கதி நேர்கிறது. அவற்றின் மேல் பூசப்பட்ட வெள்ளி மிக மெல்லியது. அவசரமாகத் துலக்கினால் அது போய்விடும், போனால் திரும்பாது.

அதே வேளையில், எந்தக் காசையும் தொடவே கூடாது என்ற விரதமும் சரியல்ல. காசின் மேல் வெளிர்பச்சை நிறத்தில், ஊசியால் தொட்டாலே உதிரும் பொடி தோன்றினால், உள்ளே குளோரைடு ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து உலோகத்தை அரிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். இந்த வெண்கல நோயை விட்டுவைத்தால் காசே மிஞ்சாது. பொடியைச் சுரண்டியெடுத்து, சோடியம் செஸ்க்விகார்பனேட் கரைசலில் நெடுநாள் ஊறவைத்து, கரைசலை அவ்வப்போது மாற்றி, காய்ச்சி வடித்த நீரில் அலசி, நன்றாக உலர்த்தி, ஈரம் அண்டாத இடத்தில் வைத்துக் கண்காணிக்க வேண்டும். இப்படிக் காப்பாற்றப்பட்ட காசின் நிறம் சற்று மாறியிருந்தாலும் அதை நான் குறையாக எண்ணுவதில்லை.

உளியை எடுத்து உருவத்தைத் திருத்துவது முற்றிலும் வேறு காரியம். இந்தக் கைவேலைக்கு அதிகம் இரையாவது செஸ்டெர்ஷியஸ்தான். பித்தளையில் அடித்த, ஏறத்தாழ 25 கிராம் எடையுள்ள அகன்ற காசு என்பதால் அதில் உளி ஓட இடமுண்டு; நல்ல நிலையில் இருந்தால் விலையும் பல மடங்கு ஏறும். என்னிடம் உள்ள பேரரசர் ஹேட்ரியன் (117–138) காசு ஒன்றை முதலில் பார்ப்பவர்கள் அதன் தலைமுடியைக் கண்டு வியப்பார்கள். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் அந்த முடிக்கற்றைகளுக்கு இடையே ஒரே அகலத்தில், கூரிய அடியோடு, நேராக ஓடும் பள்ளங்கள் தெரிகின்றன. அச்சிலிருந்து எழும்பிய முடியோ வேர் அகன்று, நுனி மெலிந்து, பக்கத்து இழையோடு இழைந்து போகும். காதுக்குக் கீழே முடி நன்றாகத் தேய்ந்திருக்க, நெற்றியின் மேல் மட்டும் நேற்று வெட்டியதுபோல் நிற்பது இன்னொரு சாட்சி. தேய்மானம் அப்படி இடம் பார்த்து வருவதில்லை. எழுத்துகளைச் சுற்றியுள்ள தரையையும், அதாவது உருவமில்லாத வெற்றுப் பரப்பையும், செதுக்கித் தாழ்த்தியிருக்கிறார்கள். அதனால் எழுத்து உயர்ந்து தெரிந்தாலும், அதன் அடி தரையோடு சரிந்து இணையாமல் செங்குத்தாக நிற்கிறது.

கண்ணுக்கு எட்டாத இடத்தில் துணைக்கு வருவது அச்சு ஒப்பீடு. ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகளில் ஒன்றில் மட்டும் அங்கியின் மடிப்பு வேறு திசையில் ஓடினால், அது அச்சின் வேலை அல்ல, பிற்காலக் கையின் வேலை. இதைவிட உறுதியான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. வேறு சில இடங்களில் வரலாறே காட்டிக்கொடுத்துவிடும். கி.பி. 69இல் சில மாதங்களே ஆண்ட பேரரசர் ஓதோவுக்கு ரோம் நாணயச்சாலை செம்பிலோ பித்தளையிலோ காசு வெளியிடவில்லை; ஆகவே ரோமில் அடித்த ஓதோவின் செஸ்டெர்ஷியஸ் என்று யாராவது நீட்டினால், அது வேறொருவரின் முகத்தைத் திருத்தியதாகவோ முழுப் போலியாகவோதான் இருக்கும். மணல் நிறத்தில் உருவத்தை எடுப்பாகக் காட்டும் "பாலைவனப் பாட்டினா"வையும் நான் உடனே நம்புவதில்லை. ஒட்டவைத்த மண்ணாக இருந்தால் அசிட்டோனில் நனைத்த பஞ்சில் பெரும்பாலும் கையோடு வந்துவிடும்.

என் தட்டில் எனக்கு மிகவும் பிடித்தவை ரோமானியர் காலத்திலேயே திருத்தப்பட்டவை. கி.மு. 32–31இல் ரோமானியத் தளபதி மார்க் ஆண்டனி தன் படைகளுக்காக அடித்த டெனாரியஸ் என்ற வெள்ளிக் காசுகள் ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்தும் புழங்கின. அவற்றில் சிலவற்றின் மேல் பிற்காலப் பேரரசர் வெஸ்பாசியனின் பெயர் முத்திரை குத்தப்பட்டிருக்கிறது. ஸ்பெயினின் பில்பிலிஸ் நகரம் கி.பி. 31இல் வெளியிட்ட காசில் பேரரசர் திபேரியஸோடு அவரது மெய்க்காவல் படைத் தலைவர் செஜானஸின் பெயரும் இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் செஜானஸ் கொல்லப்பட்ட பிறகு சில காசுகளில் அந்தப் பெயரை மட்டும் சுரண்டியெடுத்தார்கள். 211இல் கூட்டாக ஆண்ட பேரரசர்களில் இளையவனான கெட்டாவை அவன் அண்ணன் கரகல்லா கொல்வித்ததும், இன்றைய துருக்கியில் உள்ள ஸ்ட்ராட்டோனிகேயாவில் இருவரும் எதிரெதிரே இருந்த காசுகளில் தம்பியின் உருவத்தை உளியால் வெட்டி அழித்தார்கள். முகம் இருந்த இடத்தில் பள்ளம், அதற்கு நேரே பள்ளத்தைப் பார்த்தபடி அண்ணன். அந்த வெட்டைச் "சேதம்" என்று விலைப்பட்டியலில் எழுதுபவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. காசில் வரலாறு பேசும் இடமே அதுதான்.

இந்தக் காசுகளில் துலக்குபவரின் கை மிக முக்கியமாகிவிடுகிறது. வெட்டு அக்காலத்தைச் சேர்ந்தது என்பதற்குக் காசிலேயே உள்ள சான்று, பள்ளத்துக்குள்ளும் சுற்றியுள்ள தரையிலும் ஒரே பாட்டினா தொடர்ந்து படிந்திருப்பதுதான். முழுவதையும் உரித்துப் பளபளப்பாக்கிய காசில், அந்த உளி மூன்றாம் நூற்றாண்டில் இறங்கியதா, போன மாதம் இறங்கியதா என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. கெட்டாவின் முகம் வெட்டப்பட்ட காசு என்று ஏலத்துக்கு வரும்போது நான் முதலில் அந்தப் பள்ளத்தின் அடியைத்தான் பெரிதாக்கிப் பார்ப்பேன்; அங்கே வெற்று உலோகம் மின்னினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் கேட்பதில்லை.