சால்க் ஆய்வு நிறுவனம்: தளங்களுக்கு நடுவே ஒரு தளம்

போலியோ தடுப்பூசி கண்ட ஜோனாஸ் சால்க், கட்டடக் கலைஞர் லூயி கானைக் கொண்டு கலிஃபோர்னியாவின் லா ஹோயாவில், பசிபிக் கடலைப் பார்த்த மேட்டில் எழுப்பிய ஆய்வு நிறுவனத்தை நேரில் காண்பது என் நெடுநாள் ஆசை. 1965இல் கட்டி முடிந்த வளாகம் அது. உள்ளே நுழைந்ததும் டிராவர்டைன் கல் பாவிய முற்றம் விரிகிறது. ஒரு செடிகூட இல்லை. நடுவே ஒடுங்கிய வாய்க்கால் ஒன்று கடலை நோக்கி ஓடுகிறது. அங்கே மரங்கள் வைக்க எண்ணியிருந்த கானிடம், ஓர் இலையும் வேண்டாம், வெறுமையாகவே விடுங்கள் என்று சொன்னவர் மெக்சிகோவின் கட்டடக் கலைஞர் லூயிஸ் பர்ரகான். அந்தச் சொல்லைக் கான் கேட்டது நம் பேறு.

கான்கிரீட் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். சென்ட்ரிங் பலகைகள் சேர்ந்த இடங்களில் கோடுகள் மெல்லப் புடைத்திருக்கின்றன. பலகைகளை இறுக்கிய துளைகளில் ஈயம் அடைத்திருக்கிறது. பூச்சும் வண்ணமும் கூடாது என்பதில் கான் உறுதியாக இருந்ததால், கட்டிய விதத்தைச் சுவரே சொல்கிறது.

ஆனால் என்னை மிகவும் கவர்ந்தது படங்களில் வராத ஒரு பகுதி. பிலடெல்பியாவில் கான் முன்பு வடிவமைத்த ரிச்சர்ட்ஸ் மருத்துவ ஆய்வகத்தில், இடம் போதவில்லை, வெயில் கண்ணைக் கூசுகிறது என்று அறிவியலாளர்கள் குறைப்பட்டார்கள். அந்தப் பாடத்தை இங்கே அவர் மறக்கவில்லை. ஒவ்வோர் ஆய்வுத் தளத்துக்கும் மேலே, குழாய்களுக்கும் மின்கம்பிகளுக்கும் காற்றுப் போக்கிகளுக்கும் என்றே ஏறத்தாழ 9 அடி உயரமுள்ள தனித் தளம் ஒன்றைக் கொடுத்தார். பாரத்தை அந்தத் தளத்தின் பெரிய கான்கிரீட் சட்டங்கள் தாங்கிக்கொள்வதால், கீழே ஆய்வுக்கூடத்தின் நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. புதுக் கருவி வந்தால் மேசைகளை நகர்த்திக்கொள்ளலாம். குழாய் பழுதானால், கீழே நடக்கும் சோதனையை நிறுத்தாமலே மேலே சரிசெய்யலாம். நாளை எந்த ஆய்வு வரும் என்று தெரியாத ஒரு துறைக்கு இதைவிடப் பொருத்தமான வீட்டை நான் கண்டதில்லை.

ஆய்வுத் தளங்களில் ஒன்று முற்றத்தின் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அதற்கும் பகல் வெளிச்சம் எட்ட வேண்டும் என்று ஆழமான திறந்த குழிகளை விட்டிருக்கிறார்கள். கைப்பிடிச் சுவரோரம் நின்று அப்படி ஒன்றில் எட்டிப் பார்த்தேன். கண்ணாடிக்கு அப்பால், வெயில் விழுந்த மேசையருகே ஒருவர் குனிந்து, சிறு குழல்களில் துளித்துளியாக எதையோ நிரப்பிக்கொண்டிருந்தார்.