கவுதாரிக் குழம்பும் கால் போத்தல் எண்ணெயும்

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டுக் குசினிக்குப் பின்னேரம் ஆறு மணியானால் ஒரு வெள்ளைக்காரத் துறவி வந்துவிடுவார். நான் இறால் உரிப்பேன், அவர் பிணம் எண்ணுவார்.

எலிஸ் பீட்டர்ஸ் எழுதிய கேட்ஃபேல் கதைகளின் ஒலிப்புத்தகத்தைத்தான் சொல்கிறேன். 1977இலிருந்து 1994 வரை 20 நாவல்கள். 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து, ஷ்ரூஸ்பரி என்ற ஊர், அங்கே ஒரு மடம். சிலுவைப் போருக்குப் போய்வந்து, வயதான காலத்தில் மூலிகைத் தோட்டம் பார்க்கிற துறவி. நாட்டில் முடிக்காகச் சண்டை நடக்க, இவர் மருந்தும் காய்ச்சிக் கொலைகாரனையும் பிடிப்பார். இரண்டாவது கதையில் கோட்டை விழுந்து 94 பேரைத் தூக்கிலிடுகிறார்கள். அடக்கம் செய்யப் போன இவர் எண்ணினால் 95. அந்த மிச்ச ஒன்றில் விழுந்தவள்தான், நான் இன்னும் எழும்பவில்லை.

இறால் கையோடு புத்தகம் பிடிக்க முடியாது. ஹெட்செட் போட்டால் அம்மா கூப்பிடுவது கேட்காது. ஆகவே ஸ்பீக்கர். அம்மாவுக்கு இங்கிலிஷ் அவ்வளவு ஓடாது, பத்து நிமிடத்துக்கு ஒருதரம் "மறுகா என்னவாம்?" என்பார். நான் நிறுத்தி, தமிழில் சொல்லி, திரும்பப் போட வேண்டும். கேட்ஃபேல் என்ற துறவியின் பெயரைக் கேட்டதுமே, "என்ன புள்ள, அரசாங்கக் கச்சேரி ஃபைல் மாதிரியெல்லா இரிக்கி?" என்றார்.

வினை மூன்றாவது கதையில் வந்தது. மூட்டு நோவுக்குத் துறவி காய்ச்சி வைத்த எண்ணெயை யாரோ கவுதாரிக் குழம்பில் ஊற்றி ஒருவரைக் கொன்றுவிடுகிறார்கள். நம் வைத்தியர்கள் வச்சநாபி என்கிறார்களே, அந்த இனத்துச் செடிதான் அதில் சேர்ந்திருக்கிறது. பூசினால் மருந்து, தின்றால் சாவு.

அம்மா மெதுவாகத் திரும்பி அடுப்புத் தட்டைப் பார்த்தார். அவருடைய முழங்காலுக்குப் பரியாரியார் கொடுத்த எண்ணெய், பழைய கால் போத்தல் ஒன்றில், நல்லெண்ணெய்க்குப் பக்கத்தில் நின்றது.

"ஆர் செஞ்சதாம்? கடைசிக்கு ஓட்டு புள்ள."

ஒலிப்புத்தகத்தில் கடைசிப் பக்கத்தைக் களவாகப் பார்க்கிற வசதி இல்லை. இழுத்துப் பார்த்தால் எங்கேயோ யாரோ குதிரையில் போய்க்கொண்டிருந்தார்கள். அன்றிரவு கத்தரிக்காய்ப் பொரியலை அம்மா என்னைத்தான் முதலில் சாப்பிடச் சொன்னார். பெற்ற தாய்!

மறுநாள் போத்தலைக் காணோம். அது வெள்ளிக்கிழமை. வேலை முடிந்து பாலத்தால் வந்து படலையைத் திறக்கிறேன், வீடு முழுக்க மருந்துக்கடை வாசம், சாமி அறையில் கரும்புகை. அம்மா விசாரணையில் இருந்தார். கொலை செய்தவனின் உடுப்பில் எண்ணெய் வாசம் ஒட்டியிருக்கும் என்று கதையில் துறவி தேடினாரல்லவா, அதே முறை. என் சால்வையை மோந்தார், விட்டார். அப்பாவின் சாரத்தை மோந்தார், பிடித்தார்.

குசினியில் இருந்தால் ஆபத்தென்று போத்தலைச் சாமித் தட்டுக்கு மாற்றியதே அம்மாதானாம். அப்பா அதை விளக்குக்கு ஊற்றியிருக்கிறார்.

அப்பா கொஞ்சமும் அசரவில்லை. "காலை மடக்கி ஒரே இருப்பு இருக்கிறார் பிள்ளையார். அவருக்கு மட்டும் நோவாதா?" என்றார்.

அம்மா சாரத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "சரி, போடு. மறுகா என்னவாம்?"