முதல் நாளே கொடுத்திருக்கலாமா?

"இந்த மாத்திரைய மொத நாளே குடுத்திருக்கலாமே டாக்டர்?" என்று அந்த மகன் கேட்டதில் தப்பே இல்லை. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 30 மி.கி. கொடுத்த மறுநாள் காலை அப்பா தானாக எழுந்து பாத்ரூம் போய் வந்திருந்தார். அதற்கு முந்தைய இரண்டு நாளும் போர்வை முட்டியில் உரசினாலே துடித்தார். அந்த இரண்டு நாள் அவசியம்தானா என்று இன்னும் யோசிக்கிறேன்.

அவருக்குக் கவுட், அதாவது யூரிக் அமிலம் மூட்டில் படிகமாகப் படிந்து வலிக்கும் நோய், இருப்பது பழைய கதை. சர்க்கரையும் உண்டு, கிட்னியும் பலவீனம், கிரியேட்டினின் 2.1. முட்டி வீங்கிக் கொதித்தது, காய்ச்சல் 101. யூரிக் அமிலம் 5.8 என்று ரிப்போர்ட் வந்ததும் "நார்மல்தானே, அப்ப இது கவுட் இல்லையா?" என்றார்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது சிறுநீர் வழியே யூரிக் அமிலம் கூடுதலாக வெளியேறும். ரத்தத்தில் அளவு இறங்கித் தெரியும். அந்த எண்ணை நம்பிக் கவுட் இல்லை என்று சொல்லவே கூடாது. வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்தபோது 8.9.

முட்டிச் சில்லின் மேல்புற வெளி ஓரத்தில் 18 கேஜ் ஊசி போட்டு நீர் எடுத்தோம். கலங்கிய மஞ்சள் நீர், 40 மில்லி. செல் எண்ணிக்கைக்கு ஈடிடிஏ குழாய், கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சருக்குச் சுத்தமான பாட்டில், ஒரு சொட்டு உடனே ஸ்லைடில். போலரைஸ்டு மைக்ராஸ்கோப்பில் ஊசி வடிவப் படிகங்கள் பளிச்சென்று தெரிந்தன, சில வெள்ளணுக்களுக்கு உள்ளேயே. யூரிக் அமிலப் படிகமான யூரேட்தான், சந்தேகமில்லை. மூட்டில் படியும் இன்னொரு படிகமான கால்சியம் பைரோபாஸ்பேட்டாக இருந்தால் குட்டையாக, சாய்சதுரமாக, மங்கலாகத் தெரிந்திருக்கும்.

பலர் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். படிகம் கிடைத்துவிட்டது என்பதற்காகக் கிருமி இல்லை என்று ஆகிவிடாது. இரண்டும் ஒரே மூட்டில் சேர்ந்து இருக்கும். எடுத்த நீரில் வெள்ளணு எண்ணிக்கை 62,000. வெறும் கவுட்டிலும் இவ்வளவு ஏறும், ஆனால் 50,000 தாண்டினால் கிருமி புகுந்த சீழ் மூட்டை நினைத்தே ஆக வேண்டும். சாயமேற்றிக் கிருமியைத் தேடும் கிராம் ஸ்டெயினில் ஒன்றும் இல்லை. சீழ் மூட்டிலேயே பாதிக்கு மேல் அப்படித்தான் வரும். ஸ்டாபிலோகாக்கஸ் கிருமி உள்ளே இருந்தால் குருத்தெலும்பு சில நாளில் அரித்துப் போகும், திரும்ப வளராது. அதனால் கல்ச்சருக்கு அனுப்பிய கையோடு நரம்பு வழி ஆன்டிபயாடிக் தொடங்கி, கிருமியை எதிர்க்கும் சக்தியைக் குறைக்கும் என்பதால் ஸ்டீராய்டை 48 மணி நேரம் தள்ளி வைத்தேன்.

வேறு வலி மருந்து கொடுத்திருக்கலாமே என்று கூட வேலை பார்ப்பவர் கேட்டார். டைக்ளோபினாக் வகை அந்தக் கிட்னிக்கு ஆகாது. கவுட் வலிக்கான கோல்ச்சிசின் 0.5 மி.கி. மட்டுமாவது தரலாம் என்று எழுதப் போனபோதுதான் நோயாளி சட்டைப் பையிலிருந்து பாதி காலியான ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். காய்ச்சலுக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கியது. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக். அதோடு கோல்ச்சிசின் சேர்ந்தால், கிட்னியும் பலவீனமாக இருந்தால், ரத்த அணு குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். மிஞ்சியது ஐஸ், பாராசிட்டமால், டிரமடால்.

கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. நான் காத்தது வீண் என்று மகனுக்குத் தோன்றியது அதனால்தான். ஆனால் ஏற்கெனவே ஆன்டிபயாடிக் விழுங்கியவரின் கல்ச்சர் சுத்தமாக வந்தால் அதை எவ்வளவு நம்புவது? கிருமி இல்லவே இல்லையா, மாத்திரை அமுக்கிவிட்டதா? ஸ்டீராய்டுக்கு அவ்வளவு சீக்கிரம் கேட்டதைப் பார்த்தால் கவுட் மட்டும்தான் என்று தோன்றுகிறது. ஸ்டீராய்டு போட்டால் சீழ் மூட்டின் வலிகூடத் தற்காலிகமாகக் குறையும் என்பதும் தெரியும்.

இதைவிட எனக்கு உறுத்துவது பழைய சீட்டு. யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபுரினால் ஒரு வருடமாக 100 மி.கி.யிலேயே நின்றிருக்கிறது. கிட்னி மோசம் என்றால் 50-ல் தொடங்கலாம், ஆனால் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை பரிசோதித்து, யூரிக் அமிலம் 6-க்குக் கீழே இறங்கும்வரை மருந்தை ஏற்ற வேண்டும். பிரஷர் மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதையசைடு வேறு. அதுவே யூரிக் அமிலத்தைக் கூட்டும். அதை நிறுத்தி இன்னொரு பிரஷர் மாத்திரையான லோசார்ட்டான் எழுதினேன், அது பொட்டாசியத்தை ஏற்றலாம் என்பதால் ஒரு வாரத்தில் அதைப் பார்க்கச் சொல்லி. வலி வந்தாலும் அலோபுரினாலை நிறுத்தாதீர்கள் என்று மகனிடமே சொல்லி அனுப்பினேன்.

மகனின் கேள்விக்கு அன்று, "உள்ள சீழ் இருந்திருந்தா முட்டியே போயிருக்கும்பா" என்றுதான் பதில் சொன்னேன். தலையாட்டினார். 24 மணி நேரத்தில் எதுவும் வளராவிட்டால், ஆன்டிபயாடிக்கை விடாமல், கூடவே ஸ்டீராய்டைத் தொடங்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. சர்க்கரையோடும் காய்ச்சலோடும் இன்னொருவர் வந்தால் அப்படி எழுதுவேனா என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.