படத்தில் இல்லாத வீடு

கல்வியியற் கல்லூரியில் 2 ஆண்டுகள் படித்து முடித்தபின், 3ஆம் ஆண்டைக் கட்டுறுப் பயிற்சியாக, அதாவது பயிற்சி ஆசிரியராக, ஒரு பாடசாலையில் கழிக்க வேண்டும். 2023இல் எனக்குக் கிடைத்தது திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளிப் பக்கம் போகும் வீதியில் ஒரு சின்னப் பாடசாலை. தரம் 4. அரைச்சுவர் வகுப்பறை, சுவருக்கு மேலே காற்றும் வெளிச்சமும் தாராளமாக வரும்.

கல்லூரியிலிருந்து மேற்பார்வைக்கு வரும் நாளில் பாடத்தில் தொழில்நுட்பம் இருந்தால் நல்லது என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். நான் முதல் மாதமே தொடங்கிவிட்டேன். ல, ள, ழ வேறுபாட்டுக்கு 2 இரவுகள் கண்விழித்து மடிக்கணினியில் படக்காட்சி செய்தேன். எழுத்துகள் துள்ளிவரும், சரியான சொல் வந்தால் ஒரு முயல் கைதட்டும். மேல்பிரிவிலிருந்து புரொஜெக்டரை இரவல் வாங்கி வைத்தால், காலை 10 மணி வெளிச்சத்தில் சுவரில் ஒன்றுமே தெரியவில்லை. வகுப்பாசிரியை தன் வீட்டிலிருந்து 2 பழைய சேலைகளைக் கொண்டுவந்து கட்டினார். பிள்ளைகள் ஆரவாரத்தோடு பார்த்தார்கள். பாடம் முடிந்து சொல்வதெழுதச் சொன்னபோது பாதிப்பேர் ‘வாளைப்பளம்’ என்று எழுதியிருந்தார்கள். என்ன படித்தோம் என்று கேட்டதற்கு, “முயல் நல்லாத் துள்ளினது ரீச்சர்” என்றார்கள்.

அன்று இடைவேளையில் வகுப்பாசிரியை என்னைப் பக்கத்தில் இருத்திக் கேட்டார்: “மகள், இந்த 40 நிமிசத்தில எத்தனை பிள்ளையள் வாய் திறந்தவை?”

எண்ணிப் பார்த்தேன். நான் பேசினேன், முயல் கைதட்டியது. ழகரத்துக்கு நாக்கை எங்கே மடிக்க வேண்டும் என்று ஒரு பிள்ளைகூடச் சொல்லிப் பார்க்கவில்லை.

இந்தப் பிள்ளைகளின் கதையையும் சொல்ல வேண்டும். இவர்கள் 2020 ஜனவரியில் தரம் 1க்கு வந்தவர்கள். மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. எழுத்துப் பழகவேண்டிய ஆண்டில் இவர்களுக்கு வகுப்பறை கிடைத்தது சில மாதங்கள் மட்டுமே. பிறகு பாடம் வாட்ஸ்அப்பில் வந்தது. வீட்டில் ஒரேயொரு போன், அதுவும் அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். 2022இல் எரிபொருள் இல்லாமல் மறுபடியும் மூடினார்கள். அதனால் தரம் 4இல் சிலர் வாசிப்பது போலத் தெரியும், உண்மையில் பக்கத்துப் பிள்ளை வாசித்ததைக் காதில் வாங்கி, விரலை மட்டும் வரியில் ஓட்டுவார்கள். இதை அவர்களுடைய சோம்பல் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

கடைசி வாங்கில் இருந்த ஒரு பெண்பிள்ளை அப்படித்தான். எழுப்பி வாசிக்கச் சொன்னால் கண் கலங்கிவிடும். ஒருநாள் அவளை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய், என் போனில் குரல்பதிவைப் போட்டு, ஒரு பந்தியை வாசிக்கச் சொன்னேன். நான் திருத்தவில்லை. வாசித்து முடித்ததும் புத்தகத்தை அவள் கையில் கொடுத்து, பதிவைத் திருப்பிப் போட்டேன். தன் குரலைக் கேட்டு முதலில் வெட்கப்பட்டாள். பிறகு விரல் வரியில் நின்றது. “ரீச்சர், நான் ‘வந்தான்’ எண்டு சொல்லியிருக்கிறன். இஞ்ச ‘வந்தாள்’ எண்டெல்லோ கிடக்கு.”

நான் பிழை திருத்தும்போது பிள்ளை என் முகத்தைப் பார்ப்பாள், நான் கோபமா இல்லையா என்று. தன் குரலைக் கேட்கும்போது புத்தகத்தைப் பார்த்தாள். இந்த வித்தியாசத்தை எந்த விரிவுரைக் குறிப்பிலிருந்தும் நான் இவ்வளவு தெளிவாக விளங்கியிருக்க மாட்டேன். அதன்பின் கிழமைக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் பதிந்தேன். ஒரு நிமிடம் போதும், இணையம் தேவையில்லை, புரொஜெக்டரும் தேவையில்லை. பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன். எந்தப் பதிவையும் வாட்ஸ்அப் குழுவில் போடவில்லை. தடுமாறி வாசிக்கும் குரல் அந்தப் பிள்ளைக்குச் சொந்தமானது, ஊருக்குக் கேட்பதற்கில்லை. ஜூலையில் பதிந்ததையும் ஏப்ரலில் பதிந்ததையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டியபோது, “இது நானா?” என்று அவள் கேட்டாள்.

புரொஜெக்டரை நான் அடியோடு விட்டுவிடவில்லை. சுற்றாடல் பாடத்தில் எங்கள் பிரதேசம் பற்றிப் படிக்கும்போது கூகுள் ஏர்த்தில் திருகோணமலையை வானத்திலிருந்து காட்ட நினைத்தேன். பாடசாலையில் சிக்னல் இழுபடும் என்பதால் படங்களை வீட்டிலேயே சேமித்துக்கொண்டேன். சேலைகளைக் கட்டி, சுவரில் 6 வெள்ளைத் தாள்களை ஒட்டி, அதன்மேல் படத்தை விழுத்தினேன். இம்முறை நான் பேசுவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். “இது எது?” என்று மட்டும் கேட்பேன்.

கடலுக்குள் நீண்டு நிற்கும் கோணேசர் மலையைக் கண்டுபிடித்தார்கள். உள்துறைமுகம் கை விரித்தது போல நிலத்துக்குள் புகுந்து கிடப்பதைப் பார்த்து ஒரு பையன் எழும்பியே விட்டான். கடல் ஏன் ஓரிடத்தில் வெளிர்நீலம், ஓரிடத்தில் கருநீலம் என்று ஒருத்தி கேட்டாள். நான் யோசிப்பதற்குள், கரைவலைக்காரர் ஒருவரின் மகன், “அங்கால ஆழம், இஞ்சால மணல் தெரியுது” என்றான். மூதூர்ப் பக்கம் கொட்டியாரக்குடாவில் மகாவலி வந்து விழும் இடத்தையும் காட்டினேன். மலைநாட்டில் தொடங்கி 335 கிலோமீற்றர் ஓடி வருகிற ஆறு எங்கள் மாவட்டத்தில்தான் கடலைத் தொடுகிறது என்பது அவர்களுக்குப் பெருமையாக இருந்தது.

கிண்ணியாப் பாலம் மெல்லிய கோடாகத் தெரிந்தது. பின்னால் நின்ற வகுப்பாசிரியை அப்போதுதான் வாய் திறந்தார். 2009இல் பாலம் திறக்கும்வரை அங்கே பாதையில்தான் போய்வந்தோம் என்றார். “பாதை எண்டால் றோட்டுத்தானே?” என்றார்கள் பிள்ளைகள். ஆளையும் சைக்கிளையும் வாகனத்தையும் ஏற்றித் தண்ணீரைக் கடக்கிற மிதவைக்கும் எங்கள் ஊரில் பாதை என்றுதான் பெயர் என்று அவர் விளக்கினார். ஒரு சொல்லுக்குள் இருந்த பழைய பயணம் அப்படித்தான் அந்த வகுப்புக்குள் வந்தது.

கடைசியாகப் பாடசாலையைச் சுற்றியுள்ள இடம். எல்லோரும் தங்கள் வீட்டுக் கூரையைத் தேடினார்கள். ஒருவன் மட்டும் தாளுக்குக் கிட்டப்போய் நின்று, “எங்கட வீட்டைக் காணேல்ல” என்றான். குரல் இறங்கிவிட்டது. வீடு கட்டுவதற்கு முன் எடுத்த படம் அது. நான் திகதியைக் காட்டிச் சொன்னேன். அவன் தலையாட்டினான், முகம் மாறவில்லை. பென்சிலை நீட்டினேன். “இருக்கிற இடத்தில நீயே கீறு.”

கீறினான். வீடு, கிணறு, பின்னால் ஒரு முருங்கை. அதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் வந்தார்கள். வலை காயப்போடும் இடம், புதிதாக வந்த கடை, நாய் படுக்கும் மூலை என்று ஒவ்வொன்றாக ஏறியது. அதற்குள் மேல்பிரிவுக்குப் புரொஜெக்டர் வேண்டுமென்று ஆள் வந்து நின்றார். நிறுத்தினேன். வெள்ளைத் தாளில் வீடுகளும் வலைகளும் தோணிகளும் மட்டும் நின்றன.

“ரீச்சர், கடல் போயிட்டுது” என்றாள் வேப்பமரத்தடிப் பிள்ளை. யாரும் எழுப்பாமலே பேசினாள்.

அடுத்த நாள் முழுக்க அந்தத் தாளில் கடல் கீறினோம்.