ரெண்டு இருக்குன்னியேப்பா?

மதுரை ஒத்தக்கடையில் பத்திரம் எழுதும் அண்ணன் ஒருவர் என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையின் பழைய வாடிக்கையாளர். ஒரு மனை கைமாறினால், முன்பு அதற்கு எழுதிய பத்திரத்தைத் திறப்பார். பெயர்களையும் தொகையையும் மாற்றுவார். நான்கெல்லை, கிழமேலடி, தென்வடலடி எல்லாம் அப்படியே இருக்கும். பன்னிரண்டு வருஷத்துப் பத்திரங்கள் ஒரே ஃபோல்டரில். அவர் பிழைப்பே அதற்குள்தான். அவர் அறை ஜன்னலில் நின்றால் யானைமலை தெரியும். அதன் அடிவாரத்து நரசிங்கம் குடைவரையில் 770-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இன்னும் இருக்கிறது. அண்ணனிடம் இருந்ததோ நாலு வருஷத்து ஹார்ட் டிஸ்க்.

ஒருநாள் அது 'டிக் டிக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது. முக்கால்வாசியை எப்படியோ எடுத்துக் கொடுத்தேன். மீதி போனது போனதுதான். "ஒண்ணு போனா இன்னொண்ணு நிக்கணும் தம்பி, அப்படி ஏதாச்சும் செய்" என்றார். டிஸ்க் செருக இரண்டு எம்.2 ஸ்லாட் உள்ள லேப்டாப் வாங்கச் சொல்லி, ஒரு டிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் பதியும் டிஸ்க்) இரண்டைப் போட்டு, ரெய்டு 1 என்ற இரட்டைப் பதிவு முறையை அமைத்தேன். எழுதுவது எதுவானாலும் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியும். இரண்டு டிபிக்குக் காசு கொடுத்தாலும் புழங்கக் கிடைப்பது ஒரு டிபிதான். "எதுக்கு ரெட்டைச் செலவு" என்று அவர் வீட்டில் கேட்டதற்கு, "தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாராம் அண்ணன்.

எட்டு மாதத்தில் ஒரு எஸ்எஸ்டி நிஜமாகவே படுத்துவிட்டது. லேப்டாப் 'டிகிரேடட்', அதாவது ஒரு டிஸ்க் வேலை செய்யவில்லை என்று ஒரு வரி காட்டியதோடு சரி, அன்றைக்குப் பதிய வேண்டிய பத்திரம் தடங்கலில்லாமல் முடிந்தது. சாயங்காலம் போய்ப் புதுசு மாட்டினேன், தானாகவே பிரதி எடுத்துக்கொண்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொன்னேன். அங்கேதான் சறுக்கினேன்.

அடுத்த ஆனி மாதம் போன் வந்தது. டைப் அடிக்க வந்த பையன் இடம் அடைக்கிறதே என்று, பத்திரங்கள் இருந்த 'பழசு' என்ற ஃபோல்டரை ஷிப்ட் டெலீட் கொடுத்துத் தூக்கியிருக்கிறான். அண்ணனுக்குத் தெரிந்தது பதினோரு நாள் கழித்து. ஷிப்ட் டெலீட் கொடுத்தால் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, அங்கே ஒன்றுமில்லை. ரெக்கவரி மென்பொருள் ஓட்டினேன். பெயர்கள் வரிசையாக வந்தன, திறந்தால் உள்ளே வெறுமை. எஸ்எஸ்டி பழைய ஹார்ட் டிஸ்க் மாதிரி இல்லை, அழித்த இடத்தை அதுவே துடைத்து வைத்துவிடும்.

"ரெண்டு இருக்குன்னியேப்பா?"

கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். புரியாமல் கேட்டார். இரண்டு இருந்தது உண்மை. பையன் அழுத்திய பொத்தான் இரண்டிலும் ஒரே நொடியில் அழித்தது. கண்ணாடி முன்னால் நின்று பொட்டை அழித்தால், கண்ணாடியில் மட்டும் பொட்டு எப்படி இருக்கும்? 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் பரவியபோது நானே பலரிடம் பேக்கப் எடுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னவன். அந்த வைரஸ் பூட்டினாலும் இரண்டு டிஸ்க்கையும் சேர்த்தேதான் பூட்டும். தெரிந்திருந்தும் ரெய்டு போட்ட பெருமையில் இவரிடம் சொல்லாமல் விட்டேன். அதற்குக் கூலி வாங்கியதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

நல்லவேளை, இரண்டு வருஷத்துக்கு முன் வேறொரு டைப்பிஸ்டுக்குக் கொடுத்த பென் டிரைவ் கிடைத்தது. என் லேப்டாப்பில் திறந்தால் எல்லாமே பொருளில்லாத இங்கிலீஷ் எழுத்துகள். ஃபைல் கெட்டுவிட்டது என்று பயந்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது, பழைய பத்திரங்கள் வானவில் என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை, அந்த எழுத்துரு இல்லாத லேப்டாப்பில் தமிழாகத் தெரியாது. எழுத்துருவைப் போட்டதும் 'மேற்படி சொத்தின் நான்கெல்லையாவது' என்று வரி தலைகாட்டியது. அன்று முதல் யாருக்கு பேக்கப் எடுத்தாலும் எழுத்துருக்களையும் சேர்த்து எடுக்கிறேன். இதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பென் டிரைவில் இல்லாத பத்திரங்களுக்கு அண்ணனே வழி சொன்னார். "பார்ட்டி கையில மூலப் பத்திரம் இருக்கும். அது இல்லேன்னாலும் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல மனுப் போட்டா நகல் கிடைக்கும்." சொல்லிவிட்டு நிறுத்தினார். "அங்க யாரும் பழசை அழிக்க மாட்டான் தம்பி. தப்பா எழுதியிருந்தாக்கூட பிழைத்திருத்தல் பத்திரம்னு புதுசா ஒண்ணு போடுவானே தவிர, பழசுல கை வைக்க மாட்டான்." பேக்கப் என்றால் என்ன என்று எனக்கு இதைவிட நன்றாக விளக்கத் தெரியாது. வேறொரு இடம், பழைய தேதி, யாரும் கை வைக்க முடியாத பிரதி. இன்டர்நெட்டில் சேமிக்கும் ஒன்டிரைவில் போட்டிருக்கிறேனே என்பவர்களிடமும் இதையே கேட்கிறேன்: இங்கே அழித்தால் அங்கேயும் அழியுமா? அழியும். அங்கேயும் ஒரு ரீசைக்கிள் பின் உண்டு, ஆனால் அதற்கும் நாள் கணக்கு இருக்கிறது.

ரெய்டைக் கழற்றவில்லை. பதிவு நாளில் வேலை நிற்காமல் இருக்க அது வேண்டும். கூடவே எக்ஸ்டர்னல் டிஸ்க் இரண்டு வாங்கினோம். ஊர்க்காரர்களின் ஆதார் நகலெல்லாம் உள்ளே இருப்பதால், விண்டோஸில் வரும் பிட்லாக்கர் என்ற பூட்டைப் போட்டுப் பூட்டியிருக்கிறது. ஒன்று அவர் பீரோவில், இன்னொன்று என் கடை மேஜையில். வேலை முடிந்ததும் பிடுங்கி வைத்துவிட வேண்டும், செருகியபடியே விட்டால் வைரஸுக்கு அதுவும் ஒரு டிரைவ்தான். எடுத்ததோடு விடாமல் ஏதாவது ஒரு பத்திரத்தை அதிலிருந்து திறந்தும் பார்ப்போம்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து என் லேப்டாப்பின் பேக்கப்பைப் பார்த்தேன். கடைசித் தேதி பதினான்கு மாதம் முந்தியது. மகளின் காதுகுத்துப் படங்கள் அதில் இல்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, உட்கார்ந்து எடுத்து முடித்தபோது மணி இரண்டு.

சனிக்கிழமை தோறும் அண்ணன் டவுனுக்கு வரும்போது டிஸ்க்கை மாற்றிக்கொள்கிறோம். மஞ்சப்பையில் சுற்றிக் கொண்டுவருகிறார். மேலே ஒட்டிய தாளில், பத்திரத்தில் எழுதுகிற அதே குண்டு கையெழுத்தில், 'முதல் நகல்' என்றும் தேதியும் இருக்கும். என்னிடமிருப்பதை வாங்கித் திருப்பிப் பார்த்து, "தேதி போடலையே" என்று போன வாரமும் கேட்டார்.